விடிவதற்குள் காந்தி மார்க்கெட்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து பெரியம்மா மகள் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னபோது, “திருச்சியை ஒரு நாள் சுத்திக் காட்டுறேன், வாங்க” என்று வாய் விட்டுவிட்டேன். எனக்குத் திருச்சி எவ்வளவு தெரியும் என்பதை அதற்குப் பிறகுதான் யோசித்தேன். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்துக்காரி. அங்கேயே பள்ளிக்கூட வேலை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திருச்சி என்றால் மூன்றே காரியம்தான். கல்யாணச் சேலை எடுக்க என்.எஸ்.பி. ரோடு, யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் தில்லைநகர், யாரையாவது ஏற்றிவிடவோ அழைத்துவரவோ ஏர்போர்ட். நாற்பது வருடமாகப் போய்வருகிறேன். ஒரு தடவைகூடச் சும்மா சுற்றிப் பார்க்க என்று போனதில்லை.

அதனால் ஒரு வழிகாட்டியைப் பிடித்தேன். வரலாறு படித்த பையன், கோட்டைப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் ஒரு தாளில் திட்டம் எழுதி வைத்திருந்தேன். காலை ஒன்பதரைக்கு டிபன், பத்து மணிக்கு காந்தி மார்க்கெட், பதினொன்றுக்கு மலைக்கோட்டை, மதியம் புது ஏர்போர்ட் கட்டடம், சாயங்காலம் ஸ்ரீரங்கம். போனில் இதைப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அக்கா, பத்து மணிக்கு காந்தி மார்க்கெட் போறது, கல்யாணம் முடிஞ்சு பந்தல் பிரிக்கும்போது மொய்க் கவரோட போய் நிக்கிற மாதிரி” என்றார் தம்பி.

சரி, எப்போதுதான் போவது என்றேன். நாலே முக்காலுக்கு லாட்ஜ் வாசலில் நின்றால் போதும் என்றார். என் திட்டத்தில் இருந்த இடங்களில் பெரும்பாலானவற்றை அவர் தொடவில்லை. நேரத்தை மட்டும் தலைகீழாக மாற்றினார். அன்று நான் கற்றுக்கொண்டவற்றில் முக்கால்வாசி அந்த ஒரு போன் பேச்சிலேயே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். எந்த இடம் எப்போது விழித்திருக்கும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

பணம் பேசும்போது மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு இவ்வளவா, குழுவுக்கு மொத்தமாகவா. வண்டி அதில் சேர்த்தியா. நடுவில் ஏதாவது கடைக்குக் கூட்டிப் போகும் வழக்கம் உண்டா. முதல் இரண்டையும் கேட்டேன். மூன்றாவதைக் கேட்காமல் விட்டதற்கு மதியம் ஒரு மணி நேரம் பலியானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முந்தின நாள் இரவு வந்து இறங்கினார்கள். அக்கா, அத்தான், அவர்களுடைய கடைசி மகள். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. தமிழ் நன்றாகப் பேசும், ஆனால் ‘லா’ போட்டு முடிக்கும். மாசி மாதம், அதிகாலைக் குளிர் இன்னும் மிச்சமிருந்தது. அத்தான் மட்டும் “தூங்க விடாம மார்க்கெட்டுக்கு இழுத்துட்டுப் போற ஒரே சுற்றுலா உங்களோடதுதான்” என்று முனகிக்கொண்டே வேனில் ஏறினார்.

இருட்டிலேயே வெங்காய வாடை எட்டிவிட்டது. மார்க்கெட்டின் முகப்பில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. பஸ்ஸில் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அது முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்கான நினைவுச் சின்னம் என்பது அன்றுதான் தெரிந்தது. இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அத்தான் அங்கே கொஞ்சம் நின்றார். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா போனவர். ஊரை விட்டுப் போனவர்களின் கணக்கை எங்கே பார்த்தாலும் அவர் நிற்கத்தான் செய்வார்.

இந்த மார்க்கெட் 1868இல் ஏற்பட்டது, 1927இல் விரிவாக்கினார்கள், காந்தி பெயர் வந்தது அந்தச் சமயத்தில்தான் என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து “வழி, வழி, வழி” என்று ஒரு குரல். தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு மூட்டை, அதன்மேல் இன்னொரு மூட்டை. அந்த மனிதருக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது, நிற்கவும் முடியாது. நாம்தான் விலக வேண்டும். தம்பி எங்களை ஒரு தூணோரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு, மார்க்கெட்டின் சட்டம் என்று ஒன்றைச் சொன்னார்: “நிக்கணும்னா ஓரமா நில்லுங்க, நடக்கணும்னா ஒருத்தர் பின்னால ஒருத்தரா நடங்க. போட்டோ எடுக்கணும்னா மொதல்ல மூட்டை போகட்டும்.” அந்தச் சட்டம் எங்களைக் காப்பாற்றியது. எங்களுக்கு முன்னால் கைகோத்து நடந்த ஒரு ஜோடி வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்தோம்.

வெங்காய மண்டியில் ஒரு பெரியவர் பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்திருந்தார். அக்கா மகள் குனிந்து நிறம் பார்த்தது. பெரியவர் சிரித்துவிட்டு, ஒரு கைப்பிடி அள்ளி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, அவள் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உருட்டினார். சலசல என்று காய்ந்த சருகில் நடக்கிற மாதிரி ஒரு சத்தம். “இந்தச் சத்தம் வந்தா நாலு மாசம் வச்சுக்கலாம் பாப்பா. ஈரமா இருந்தா சத்தம் வராது, ஒரு வாரத்துல அழுவிடும்.” பிறகு ஒரு வெங்காயத்தின் கழுத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். கழுத்து கல் மாதிரி இருக்க வேண்டுமாம், நெகிழ்ந்தால் உள்ளே நீர். இத்தனை வருடம் வெங்காயம் வாங்கியிருக்கிறேன், காதால் வாங்கியதில்லை.

அங்கிருந்து வாழை இலைப் பக்கம் போனோம். இது எங்கள் ஊர்ச் சரக்கு என்பதால் நான் கொஞ்சம் மிதப்பாக நடந்தேன். நுனி இலை, ஏடு, டிபன் இலை என்று அக்கா மகளுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். கட்டுக் கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒரு வாளித் தண்ணீரில் வாழை நாரை ஊறப் போட்டிருந்தார். வெளிப்பக்கம் காய்ந்த சருகைச் சுற்றி, ஊறிய நாரை இரண்டு சுற்று சுற்றி, ஒரு முறுக்கு, ஒரு செருகல். முடிச்சே கிடையாது. “முடிச்சுப் போட்டா இலை கிழியும், அவுக்கிறவனுக்கும் நேரமாவும்” என்றார் தலை நிமிராமலே. காய்ந்த நார் ஒடியும், நனைந்த நார் எவ்வளவு இழுத்தாலும் ஒடியாது. அக்கா மகள் ஒரு நாரை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டது. ஈப்போவுக்கு அது எடுத்துப்போன முதல் நினைவுப் பொருள் அதுதான்.

ஆறரைக்கெல்லாம் மொத்த வியாபாரத்தின் வேகம் இறங்கிவிட்டது. லாரிகள் கிளம்பின. தெருவில் தக்காளிச் சேறு. சில்லறை வியாபாரம் அதற்குமேல் நடக்கும், நானும் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அது எந்த ஊர்க் காய்கறிக் கடையிலும் பார்க்கக் கிடைப்பதுதான்.

டீ குடிக்கும்போது அத்தான் கேட்டார்: “இவ்வளவு நெருக்கடியா இருக்கே, ஊருக்கு வெளியே பெருசா கட்டிக் குடுத்தா என்ன?” கட்டினார்கள் என்றார் தம்பி. மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் மத்திய மார்க்கெட் வளாகம் 2017இல் திறக்கப்பட்டது. கடைகள், கிடங்குகள் எல்லாம் உண்டு. வியாபாரிகள் போகவில்லை. தூரம் ஒரு காரணம். ஆனால் மூட்டை தூக்குகிறவர், அவருக்கு இட்லி விற்கிற அம்மா, கடனுக்குச் சரக்கு கொடுக்கிற மண்டிக்காரர், தலைச்சுமையாகக் கூடை எடுத்துப் போகிற பாட்டி எல்லோரும் ஒரே இரவில் சேர்ந்து இடம் மாறினால்தானே அது மார்க்கெட்? எந்தப் பக்கம் நியாயம் என்று அத்தானும் தம்பியும் இரண்டு டீ நேரம் பேசினார்கள். அந்தச் சேற்றையும் நெரிசலையும் பார்த்தால் மாற்றுவதில் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தச் சேற்றில் கூடை வைத்து உட்கார்ந்திருந்த பாட்டியைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கு: ரப்பர் செருப்பு, அதுவும் பின்பட்டை வைத்தது. சாதாரண ஹவாய் செருப்பு சேற்றை முதுகு வரை அடிக்கும், என் சேலை சாட்சி. பத்து, இருபது ரூபாய்த் தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறை நீட்டினால் அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. பாத்ரூம் வேலையை லாட்ஜிலேயே முடித்துவிடுங்கள். பெண்களுக்கு அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

டிபனை முடித்துக்கொண்டு எட்டரை மணிக்கு மலைக்கோட்டை ஏறினோம். நானூறுக்கு மேல் படி. அக்காவுக்கு முழங்கால் வலி, தாயுமானவர் சன்னதியோடு நின்றுகொள்வதாகச் சொன்னவள், பேச்சு வாக்கில் உச்சி வரைக்கும் வந்துவிட்டாள். ஏறும் வழியில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கங்கையைச் சடையில் தாங்குகிற சிவன் சிற்பம் அதில் ஒரு சுவர் முழுக்க. பிள்ளையாரைப் பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் மூன்று தடவை அப்படித் தாண்டியவள்தான். வழிகாட்டி இல்லாமல் போனாலும் அங்கே ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கீழே காவிரி. மாசி என்பதால் மணல்தான் அதிகம், ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். மேட்டூரில் ஜனவரிக் கடைசியில் அடைத்துவிட்டால் அடுத்து ஜூனில்தான். அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் தீவாக ஸ்ரீரங்கம். மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. அங்கே ஆர்தர் காட்டன் 1836இல் தொடங்கிக் கட்டிய மேலணையின் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்துபோனது, அப்புறம் புதிதாகக் கட்டினார்கள். கிழக்கே கல்லணையில் வெண்ணாறாகவும் கல்லணைக் கால்வாயாகவும் மறுபடி பிரிந்து, அப்படியே கிளை கிளையாகப் போய் எங்கள் ஊர்க் குடமுருட்டியில் வந்து நிற்கிறது. பாடப் புத்தகத்தில் வருடா வருடம் இதைப் படம் போட்டு நடத்துகிறேன். மேலிருந்து பார்த்தபோதுதான் அந்தப் படத்துக்கு உயிர் வந்தது. டெல்டாப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஒரு தடவை இங்கே ஏற்றிவிட வேண்டும்.

பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். வெயில் ஏறிய பிறகு பாறை காலைப் பதம் பார்த்துவிடும். மதியம் சன்னதி நடையும் சாத்திவிடுவார்கள்.

கோட்டைத் தெருக்களில் நடந்ததுதான் எனக்கு அன்றைய நாளில் ரொம்பப் பிடித்த பகுதி. மெயின்கார்டு கேட் என்று பஸ்ஸில் கண்டக்டர் கூவுவதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். அது பழைய கோட்டையின் மிஞ்சிய வாசல். கோட்டையைச் சுற்றி அகழி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைத் தூர்த்துச் சாலை போட்டார்கள். வெள்ளைக்காரன் வைத்த ‘புல்வார்டு’ என்ற பெயர் நம் வாயில் ‘புலிவார்டு’ ஆகிவிட்டது. மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு. அக்கா மகள் கடைப் பலகையைப் படித்துவிட்டு, “சித்தி, இங்க புலி இருந்துச்சா லா?” என்று கேட்டது. இருந்தது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன்.

வாசலுக்குப் பக்கத்திலேயே லூர்து மாதா கோவிலும் புனித ஜோசப் கல்லூரியும். கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு வந்தது. அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று சொன்னதும் அத்தான் முகப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மீசையைத் தடவினார். அவரைத்தான் சொல்லிக்கொள்கிறார் என்று அக்கா கண்ணால் காட்டினாள்.

பெரிய கடைவீதியில் தம்பி பேச்சைக் குறைத்து எங்களைப் பார்க்க விட்டார். நல்ல வழிகாட்டிக்கு அது ஒரு அடையாளம். ஒரு நாட்டு மருந்துக் கடை. சாக்குகளில் கடுக்காய், திப்பிலி, அதிமதுரம், சுக்கு. அக்கா உள்ளே நுழைந்ததும் மூக்கை இழுத்து, “பெரியாத்தா வீட்டுப் பெட்டி வாசனை” என்றாள். அவளுக்குப் போன மாதம்தான் முதல் பேரப்பிள்ளை பிறந்திருந்தது. கையில் கட்ட வசம்பு வளையல் வேண்டும் என்று கேட்டாள்.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டு, “பகல்ல வந்தீங்க, பேர் சொல்லிக் கேட்டீங்க. ராத்திரின்னா சொல்லப்படாது” என்றார். வசம்புக்குப் பேர் சொல்லா மருந்து என்றே ஒரு பெயர் உண்டு. விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டிலும் பாட்டி சொல்வாள். அக்காவுக்கு அது மறந்தே போயிருந்தது. கையில் கட்டுவதோடு சரி, உரைத்து நாக்கில் தடவுகிற வழக்கத்தை இப்போது குழந்தை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று நான் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன். கடைக்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

நகைக்கடைகள் பக்கம் போகும்போது தம்பி செயற்கை வைரத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு காலத்தில் திருச்சியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் வீட்டுக்கு வீடு கல்லுக்குப் பட்டை தீட்டினார்கள். மிதிக்கிற சக்கரம், குச்சி முனையில் அரக்கில் ஒட்டிய கல். இயந்திரத்தில் அறுத்த கல் மலிவாக வந்து குவிந்ததும் அந்தத் தொழில் சுருங்கிப்போனது. கேட்கக் கேட்க ஒரு பட்டறையாவது பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் முடியுமாம். இப்படி ஏதாவது கைத்தொழில் பார்க்க ஆசை இருந்தால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், போன இடத்தில் கேட்டால் நடக்காது.

இப்போது அந்த ஒரு மணி நேரக் கதை. சாப்பாட்டுக்குப் போக வேனில் ஏறினோம். டிரைவர் “போற வழிதாம்மா, சும்மா பாருங்க, வாங்கணும்னு இல்ல” என்று ஒரு சேலைக் கடை வாசலில் நிறுத்தினார். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. வேன் நான் தனியாகப் பேசியது, அவருடைய ஏற்பாடு இல்லை. அதனால் வாயைத் திறக்க முடியவில்லை. உள்ளே போனால் ஜூஸ், நாற்காலி, மடியில் விரித்துப் போட்ட சேலைகள். அக்காவுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது. நாலு சேலை எடுத்தாள். அதில் ஒன்றை என்.எஸ்.பி. ரோட்டில் எவ்வளவுக்குத் தருவார்கள் என்று எனக்குத் தெரியும், சொன்னால் அக்கா மனசு கஷ்டப்படும் என்று இன்று வரை சொல்லவில்லை. வண்டிக்காரரிடம் பேரம் பேசும்போதே “நடுவுல எந்தக் கடைக்கும் நிறுத்தக்கூடாது” என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கும் அது பழகிய வார்த்தைதான்.

உண்மையைச் சொன்னால், கோட்டைப் பகுதிக்கு வேனே தேவையில்லை. நிறுத்த இடம் கிடையாது. நாங்கள் நடந்துகொண்டிருக்க, அது எங்கேயோ நின்றுகொண்டு எங்களுக்கு வாடகை ஏற்றிக்கொண்டிருந்தது.

இலைச் சாப்பாடு, அரை மணி நேரம் லாட்ஜில் கால் நீட்டல். இந்த ஓய்வைத் திட்டத்தில் எழுதியே வையுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் யாராவது ஒருவர் சண்டை போடுவார்.

புது ஏர்போர்ட் கட்டடத்தைத் தம்பி அன்றைய பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். “டிக்கெட் இல்லாம உள்ள விடமாட்டாங்க. வெளியில நின்னு கட்டடத்தைப் பாத்துட்டு வர அவ்வளவு தூரம் எதுக்கு? ஊருக்குத் திரும்பும்போது ஒரு மணி நேரம் முன்னாடி போங்க, ஆற அமரப் பாக்கலாம்.” பதிலுக்கு பஞ்சப்பூர் பஸ் நிலையம் போகலாம் என்றார், அதுவும் வேனில் வேண்டாம், டவுன் பஸ்ஸில். பஸ் ஸ்டாண்டைப் பார்க்க பஸ்ஸில் போகாமல் வேறு எதில் போவது என்று கேட்டார். சரிதானே.

சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறினோம். பஸ்ஸின் முகத்தில் பிங்க் வண்ணம். கண்டக்டர் எங்கள் மூன்று பேருக்கும் காசு வாங்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அத்தானிடம் மட்டும் கையை நீட்டினார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நமக்குப் பழகிப்போனது. அக்காவுக்கு நம்ப முடியவில்லை. “நாங்க மலேசியா பாஸ்போர்ட்டுங்க” என்று கண்டக்டரிடம் நேர்மையாக ஒப்புக்கொண்டாள். அவர் “பஸ்ல எல்லாரும் பொம்பளைங்கதாம்மா, தள்ளி உக்காருங்க” என்றார். அந்தக் காசில்லாத சீட்டை அக்கா மகள் போன் கவருக்குள் பத்திரப்படுத்திக்கொண்டது. வாழை நாருக்கு அடுத்து இது இரண்டாவது.

பஞ்சப்பூர் நிலையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் இயங்கத் தொடங்கியது. மதுரை நெடுஞ்சாலையோரம் பரந்து கிடக்கிறது. எஸ்கலேட்டர் உண்டு, உட்கார இடம் உண்டு, அடுத்த பஸ் எது என்று தலையை உயர்த்திப் பார்த்தால் தெரிகிறது. மத்திய பஸ் நிலையத்தில் பையை மடியில் கட்டிக்கொண்டு ஓடிய எங்களுக்கு இது மெச்சத்தக்கதுதான். ஆனால் வேடிக்கை பார்க்க அரை மணி நேரம் போதும். ஊருக்கு ரொம்பத் தள்ளி இருக்கிறது என்ற குறை பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு நிறையவே இருந்தது. இறங்கும் வரை அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஐந்து மணிக்கு ஸ்ரீரங்கம். வேன் காவிரிப் பாலம் ஏறும்போது தம்பி ஒரு கேள்வி கேட்டார்: “இன்னிக்குப் பாத்ததுலயும் இனிமே பாக்கப் போறதுலயும் எது புதுசு, எது பழசு?” அக்கா மகள் படபடவென்று சொன்னது. மார்க்கெட் பழசு, கோட்டை பழசு, பஸ் ஸ்டாண்டு புதுசு, முன்னால் தெரிகிற அந்தப் பெரிய கோபுரம் ரொம்பப் பழசு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கோபுரம் என்னைவிட இளையது. நான் சின்னப் பெண்ணாக அப்பாவோடு வந்தபோது அது மொட்டைக் கோபுரம். பல நூறு வருடம் அடித்தளத்தோடு நின்றுபோன வேலையை அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயர் எடுத்து நடத்தி, 1987 மார்ச்சில் குடமுழுக்கு ஆனது. பதின்மூன்று நிலை, 236 அடி. கும்பாபிஷேகத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் போனார்கள். எனக்கு அம்மை போட்டிருந்ததால் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோபம் இன்னும் லேசாக இருக்கிறது. இப்படி மார்க்கெட்டுக்குக் கிட்டத்தட்ட நூற்றி இருபது வருடம் இளையது கோபுரம் என்று கணக்குப் போட்டுச் சொன்னதும் அந்தப் பெண் வாயைப் பிளந்தது. நவீனச் சின்னம் என்று கண்ணாடிக் கட்டடத்தை மட்டும் தேடிக்கொண்டு போனால் இதை விட்டுவிடுவோம்.

சாத்தார வீதியில் பூ வாங்கினோம். அக்கா மகள் இரண்டு முழம் மல்லிகை கேட்டது. பூக்காரப் பெண் இளவயசு, குட்டைக் கை. முழங்கையில் வைத்து அளக்கப் போனவளை அக்கா தடுத்து, “உன் கை வேண்டாம்மா, உங்க மாமியார் கையால அளக்கச் சொல்லு” என்றாள். பின்னால் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த நெட்டைக் கிழவி நிமிர்ந்து பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டி இரண்டு முழம் அளந்து, மேலே ஒரு விரற்கடை சேர்த்துப் பறித்துக் கொடுத்தாள். “எந்த ஊரு?” என்று கேட்டாள். அக்கா ஈப்போ என்று சொல்லவில்லை. “பாபநாசம்” என்றாள்.

இரவு என்.எஸ்.பி. ரோட்டுக் கூட்டத்தையும் தெப்பக்குளத்து விளக்கையும் பார்ப்பதாகத் திட்டம். கால் ஒத்துழைக்கவில்லை. இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் நல்லது. ஒரு விடியற்காலை காந்தி மார்க்கெட்டுக்கும் மலைக்கோட்டைக்கும், இன்னொரு சாயங்காலம் கடைவீதிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும். நடு மதியத்தில் திருச்சி வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

பத்து நாள் ஊரில் இருந்துவிட்டு இரவு விமானத்தில் கிளம்பினார்கள். தம்பி சொன்னபடி ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏர்போர்ட் போய்விட்டோம். 2024 ஜனவரியில் திறந்து அந்த ஜூனிலிருந்து பயன்பாட்டுக்கு வந்த கட்டடம். முகப்பெல்லாம் ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணம். நான் வெளியிலேயே நின்றுகொண்டேன், அவர்கள் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. சிரிப்பில் பேச்சே வரவில்லை.

கவுன்டரில் இருந்த பெண், அக்காவின் கைப்பையிலிருந்து வந்த வாசனையைப் பிடித்துவிட்டு, “உள்ள என்னம்மா வச்சிருக்கீங்க, மருந்தா?” என்று கேட்டிருக்கிறாள். அக்கா கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். மணி ஒன்பதரை. வாயை மூடிக்கொண்டு, கையில் வளையல் போடுகிற மாதிரி செய்து காட்டியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கடைசியில் அக்கா குனிந்து மெதுவாக, “ராத்திரில பேர் சொல்லக் கூடாதும்மா” என்றாளாம்.

“அதுவா?” என்று சிரித்துவிட்டு பையை உள்ளே தள்ளிவிட்டிருக்கிறாள் அந்தப் பெண்.